டிகிரியில் சி.ஜி.பி.ஏ 2.61: மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதை எப்படித் தூக்குவது?

பால்மரக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் வேலை, அம்மா கையுறை தொழிற்சாலையில் ஷிப்ட். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் கேட்கிறவர்களிடம் அப்பா இன்னும் தோட்டத்துப் பெயரைத்தான் சொல்வார். நான் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கு முந்தைய படிப்பு) முடித்து, அரசுப் பல்கலை இடங்களுக்கு விண்ணப்பிக்கும் யு.பி.யு.வில் மருத்துவம் போட்டேன். மெட்ரிக்கில் 2.92தான், கிடைக்கவில்லை. பயோமெடிக்கல் சயன்ஸ் கொடுத்தார்கள், வேறொரு மாநிலத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில். இப்போது நான்கு செமஸ்டர் முடிந்துவிட்டது. ஜி.பி.ஏ (செமஸ்டர் சராசரி, 4.00க்கு) வரிசையாக 2.31, 2.48, 2.74, 2.91. மொத்த சி.ஜி.பி.ஏ 2.61, எடுத்த கிரெடிட் 68. டிகிரிக்கு 120 வேண்டும்.

முதல் வருடம் வார இறுதியில் பேரங்காடியில் வேலை பார்த்தேன், தம்பி இடைநிலைப்பள்ளியில் இருந்தான், வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலை இல்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி (4 கிரெடிட்) டி பிளஸ், பிசியாலஜி (3 கிரெடிட்) சி. இந்த இரண்டும்தான் கண்ணை உறுத்துகின்றன.

டிகிரி முடித்துவிட்டு மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. இணையத்தில் தேடினால் போஸ்ட் பேக் (டிகிரிக்குப் பிறகு கூடுதல் பாடம்) படி, எம்கேட் நுழைவுத் தேர்வில் நல்ல மார்க் எடு என்று வருகிறது, அது எதுவும் நம்ம ஊரில் இருப்பதாகத் தெரியவில்லை. என் கேள்வி இதுதான்: இந்த சி.ஜி.பி.ஏ.வை எந்த அளவுக்குத் தூக்க முடியும், எவ்வளவு தூக்கினால் உபயோகம், அந்த இரண்டு பாடத்தையும் திரும்ப எடுக்கலாமா, இல்லை புதுப் பாடங்களில் மட்டும் கவனம் வைப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், கணக்கு வேண்டும்.

கோப்பிஓ_கோசோங்:

கணக்கு கேட்டதால் கணக்கோடு வருகிறேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவாளர் பிரிவில் வேலை செய்கிறேன், எந்தப் பல்கலை என்பது வேண்டாம்.

68 கிரெடிட், 2.61. பெருக்கினால் 177.48 புள்ளி கையில் இருக்கிறது. 120 கிரெடிட்டுக்கு 3.00 வேண்டுமென்றால் 360 புள்ளி. பாக்கி 182.52, அதை மீதி 52 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். அதாவது இனிமேல் சராசரி 3.51. நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியாக 2.91 எடுத்தவர் அடுத்த செமஸ்டரே 3.51க்குத் தாவி, கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும். சுலபமில்லை.

இந்த 52இல் இன்டஸ்ட்ரியல் டிரெய்னிங் எத்தனை கிரெடிட்? பல இடங்களில் அதற்குக் கிரேட் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். உங்களுக்கு 8 கிரெடிட் அப்படி என்று வையுங்கள், அப்போது கணக்கில் வருவது 112தான். 336 தேவை, பாக்கி 158.52, அதை 44 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், சராசரி 3.60 ஆகிவிடும். பார்த்தீர்களா, எதுவும் நடக்காமலே எல்லைக்கோடு மேலே போய்விட்டது. முதலில் உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்து இதைப் பாருங்கள்.

இப்போது திரும்ப எடுப்பது. இதில் ஒவ்வொரு பல்கலைக்கும் ஒவ்வொரு விதி. சில இடங்களில் புது கிரேட் பழையதன் இடத்தில் உட்காரும். சில இடங்களில் இரண்டுமே சி.ஜி.பி.ஏ.வில் நிற்கும். வேறு சில இடங்களில் திரும்ப எடுத்தால் இவ்வளவுக்கு மேல் கிரேட் தர மாட்டோம் என்று உச்ச வரம்பு வைத்திருப்பார்கள். சிக்கு மேல் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுக்கவே விடாத இடமும் உண்டு.

உங்களுக்கு முதல் விதி என்றால்: கெமிஸ்ட்ரி 1.33இலிருந்து பி பிளஸ், அதாவது 3.33, நான்கு கிரெடிட்டுக்கு 8 புள்ளி கூடுகிறது. பிசியாலஜி 2.00இலிருந்து 3.33, மூன்று கிரெடிட்டுக்கு 3.99. மொத்தம் 189.47. சி.ஜி.பி.ஏ அங்கேயே 2.79 ஆகிவிடுகிறது, மீதி 52க்குத் தேவையான சராசரி 3.28. டிரெய்னிங் கிரெடிட்டைக் கழித்துப் பார்த்தாலும் 3.33தான் வருகிறது, அதாவது எல்லாப் பாடத்திலும் பி பிளஸ். இது ஆகிற காரியம்.

இரண்டாவது விதி என்றால் மொத்த கிரெடிட் 127 ஆகிவிடும், 381 புள்ளி வேண்டும், மீதிக்குச் சராசரி 3.47. எடுக்காமல் விட்டால் 3.51, எடுத்தால் 3.47. அவ்வளவுதான் வித்தியாசம், அதற்கு ஏழு கிரெடிட் கூடுதல் வேலை. அந்த நேரத்தைப் புதுப் பாடத்தில் போடுவதே மேல் என்பது என் கருத்து, வேறு காரணம் இருந்தால் ஒழிய.

எனவே திரும்ப எடுக்கலாமா என்று இங்கே கேட்பதற்கு முன் உங்கள் பல்கலையின் கல்வி விதிமுறைப் புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். நண்பர் சொன்னார், சீனியர் சொன்னார் என்று போகாதீர்கள். விதி உள்ளே வந்த வருடத்தைப் பொறுத்தும் மாறும், சீனியருக்கு இருந்தது உங்களுக்கு இல்லாமல் போகலாம்.

ஹவுஸ்மேன்_காலை5மணி:

மேலே அண்ணன் கணக்கைப் போட்டுவிட்டார், 3.00 ஏன் என்பதை நான் சொல்கிறேன்.

நம்ம நாட்டில் மருத்துவம் படிக்க எம்.எம்.சி, அதாவது மலேசிய மருத்துவ மன்றம், குறைந்தபட்சத் தகுதி வைத்திருக்கிறது. எஸ்.டி.பி.எம் (ஆறாம் படிவத் தேர்வு) என்றால் பயாலஜி, கெமிஸ்ட்ரி, அப்புறம் ஃபிசிக்ஸ் அல்லது கணிதம், மூன்றிலும் பி. மெட்ரிக், ஃபவுண்டேஷன் என்றால் சி.ஜி.பி.ஏ 3.0. கூடவே எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவத் தேர்வு) பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம், இந்த ஐந்திலும் பி. அறிவியல் பட்டதாரிக்கும் தனியார் கல்லூரிகள் 3.0 என்றுதான் போடுகின்றன. உங்கள் மெட்ரிக் 2.92, நூலிழையில் போய்விட்டது, மெட்ரிக்கைத் திரும்ப உட்கார்ந்து எழுதவும் வழியில்லை. ஆறாம் படிவத்தில் இருந்திருந்தால் தவணைத் தாள்களைத் திரும்ப எழுதி நல்லதை வைத்துக்கொள்ளலாம், அந்த வசதி மெட்ரிக்கில் கிடையாது. ஆகவே உங்களுக்கு இருக்கிற கதவு டிகிரி சி.ஜி.பி.ஏ ஒன்றுதான், அது 2.99இல் நின்றால் திறக்காது.

உங்கள் எஸ்.பி.எம் என்ன? அதைச் சொல்லவே இல்லையே. ஃபிசிக்ஸில் சி பிளஸ் என்று வைத்துக்கொண்டு டிகிரியில் 3.5 எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. 3.0 என்பது வாசல்படி மட்டும்தான். அரசுப் பல்கலையில் மருத்துவத்துக்குப் போட்டி எப்படி என்று உங்களுக்கே தெரியும், 4.00 எடுத்தும் இடம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் யாராவது அழுதுகொண்டு நிற்பார்கள். அங்கே 90 விழுக்காடு மார்க், 10 விழுக்காடு புறப்பாடம், அதுவும் எஸ்.டி.பி.எம், மெட்ரிக் பிள்ளைகளுக்காகப் போட்ட கணக்கு. பட்டதாரியாக அந்த வரிசையில் நின்று இடம் வாங்குவது மிக அரிது. எனவே நீங்கள் பேசுவது தனியார் கல்லூரியைப் பற்றித்தான், தனியார் என்றால் ஐந்து வருடம், கல்லூரியைப் பொறுத்து மூன்று லட்சம் வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி ஐந்து லட்சத்தையும் தாண்டும். ஈப்போவிலேயே இரண்டு இருக்கின்றன, கெடாவில் எய்ம்ஸ்ட் இருக்கிறது. தங்குகிற செலவாவது குறையும் என்று வீட்டுக்குப் பக்கத்தில் பார்க்கிறவர்கள் நிறைய.

முடித்த பிறகு இரண்டு வருடம் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர். 2016 கடைசியிலிருந்து புதிதாக வருகிறவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள், 2021 ஜூலை 26 அன்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்து நின்றார்களே, அந்தச் சண்டை இதற்காகத்தான். இப்போது நிரந்தர இடங்கள் கொடுக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் உடனே என்றில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் டிகிரி முடித்து, ஐந்து வருடம் படித்து, ஹவுஸ்மேனும் முடித்தால் வயது முப்பதைத் தொடும், அதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குங்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, இரவு டியூட்டி முடிந்து இதை எழுதுகிறேன் என்பதிலேயே தெரியும். ஆனால் வீட்டை அடகு வைத்துப் படித்த நண்பன் ஒருவன் என் வார்டில் இருக்கிறான், அவன் முகத்தையும் தினமும் பார்க்கிறேன்.

நியூஜெர்சி_சிப்புட்:

தங்கச்சி, நானும் சுங்கை சிப்புட்தான், மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவள், கல்யாணமாகி இங்கே அமெரிக்கா வந்துவிட்டேன். என் நாத்தனார் மகள் இப்போது இங்கே மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிறாள், அதனால் இந்தப் பக்கத்துக் கதை கொஞ்சம் தெரியும்.

நீங்கள் இணையத்தில் படித்ததெல்லாம் அமெரிக்காவுக்கு எழுதியது. இங்கே பெரும்பாலும் யாரும் பள்ளி முடித்ததும் நேராக மருத்துவத்துக்குப் போவதில்லை, நான்கு வருட காலேஜ் முடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அதனால் காலேஜ் ஜி.பி.ஏ.தான் எல்லாம். பெரும்பாலான எம்.டி ஸ்கூல்களுக்கு ஆம்காஸ் என்ற ஒரே விண்ணப்ப அமைப்பு, அதில் ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய கிரேட், புது கிரேட் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள், உங்கள் காலேஜ் மாற்றிக் கொடுத்திருந்தாலும் சரி. டி.ஓ (ஆஸ்டியோபதி மருத்துவம்) ஸ்கூல்களுக்கான அமைப்பு 2017 வரை புதியதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது, அப்புறம் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இங்கே போஸ்ட் பேக் என்று ஒரு வருடம், இரண்டு வருடம் கூடுதலாக அறிவியல் பாடம் எடுக்கிறார்கள், அந்த மார்க் பழைய ஜி.பி.ஏ.வோடு சேரும். மாஸ்டர்ஸ் எடுத்தால் அது தனிக் கணக்கு, பழையதை நகர்த்தாது. இடம் கிடைத்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ 3.7, 3.8 பக்கம், எம்கேட் 528க்கு 511, 512. வெளிநாட்டுக் குடிமக்களை எடுக்கிற ஸ்கூல்களே கொஞ்சம்தான். இந்தச் செலவை நினைத்தே பார்க்காதீர்கள்.

ஆனால் இங்கேயிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் பிரித்து ஒரு தனி ஜி.பி.ஏ போடுவார்கள். மொத்தம் 3.4 இருக்கும், அறிவியல் மட்டும் பார்த்தால் 3.0 ஆக இருக்கும், மாட்டிக்கொள்வார்கள். நீங்களும் அப்படி ஒரு தாள் போட்டுப் பாருங்கள். நம்ம ஊரில் பொதுப் பாடங்கள், இணைப்பாட கிரெடிட் எல்லாம் சி.ஜி.பி.ஏ.வை ஏற்றிக் காட்டும். நேர்காணலில் உட்காருகிறவர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் டி பிளஸ் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். அந்த வகையில் கோப்பி அண்ணனோடு எனக்கு ஒத்துவரவில்லை, இரண்டு கிரேடும் நின்றாலும் கெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

கோப்பிஓ_கோசோங்:

அக்கா சொல்வது சரி, வேறு காரணம் இருந்தால் ஒழிய என்று நான் எழுதியதில் இதுவும் அடங்கும். கெமிஸ்ட்ரி மட்டும் எடுக்கலாம், பிசியாலஜி சி.யை விட்டுவிடலாம். அப்புறம், அந்த ஜி.பி.ஏ வரிசையை யாரும் கவனிக்கவில்லையே. 2.31, 2.48, 2.74, 2.91. ஒவ்வொரு செமஸ்டரும் ஏறியிருக்கிறது. நேர்காணலில் இதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

லேப்கோட்:

எல்லோரும் கணக்கு சொல்லிவிட்டீர்கள், 3.3 எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. நானும் பயோமெட், இப்போது அரசு மருத்துவமனை லேபில் இருக்கிறேன்.

பயோமெட்டில் மார்க் போவது பெரும்பாலும் இறுதித் தேர்வில் இல்லை, தொடர் மதிப்பீட்டில். லேப் ரிப்போர்ட், குவிஸ், பிரசன்டேஷன், இவை பாதி மார்க் வரைக்கும் இருக்கும். லேப் ரிப்போர்ட்டை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழுவாக உட்கார்ந்து ஒப்பேற்றுகிறவர்கள் தேர்வுக்கு எவ்வளவு படித்தாலும் பி.யைத் தாண்ட மாட்டார்கள். முதல் ரிப்போர்ட் திரும்ப வந்ததும் அதை எடுத்துக்கொண்டு விரிவுரையாளர் அறைக்குப் போங்கள், எங்கே வெட்டினீர்கள் என்று கேளுங்கள். நம்ம பிள்ளைகள் இதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோம், ஆங்கிலம் சரியாக வராது, மலாய் கலந்து பேசினால் என்ன நினைப்பார்களோ என்று. கலந்தே பேசுங்கள். எனக்குத் தெரிந்து அதற்காக எந்த விரிவுரையாளரும் யாரையும் வெளியே அனுப்பியதில்லை.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மனப்பாடம் பண்ணினால் திரும்பவும் டி பிளஸ்தான். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்பு போட்டு, புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் வரைய வரவேண்டும். எஸ்.என்.1, எஸ்.என்.2, இ1, இ2, இந்த நான்கு வினை வகைகளில் எது எப்போது நடக்கும் என்பது பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் கையில். பழைய ஆண்டுக் கேள்வித்தாள் நூலகத்தில் இருக்கும், தேர்வுக்கு முதல் வாரம் வரை காத்திருக்காமல் முதல் மாதமே எடுத்துவிடுங்கள். பிசியாலஜிக்கு வேறு வழி, அங்கே யாருக்காவது சொல்லிக்கொடுங்கள். சிறுநீரகம் எப்படி உப்பைத் திரும்ப இழுக்கிறது என்று உங்கள் தம்பிக்கு விளக்க முடிந்தால் உங்களுக்கு அது தெரியும்.

திரும்ப எடுக்கிற பாடத்தைக் கனமான செமஸ்டரில் செருகாதீர்கள். குறுகிய செமஸ்டரில் திறந்தால் அங்கே எடுங்கள், இல்லையென்றால் கிரெடிட் குறைவாக இருக்கிற செமஸ்டரில். கடைசி வருட ஆய்வுத் திட்டம் நல்ல கிரெடிட் உள்ள பாடம், அதில் ஏ வாங்குவது தேர்வில் ஏ வாங்குவதைவிட எளிது, மேற்பார்வையாளரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். பேர் பெற்ற பேராசிரியரைவிட வாரம் ஒருமுறை உட்கார்ந்து படித்துத் திருத்துகிறவர் மேல்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். லேபில் இருப்பது தோற்றுப்போனவர்கள் வேலை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2.7இல் முடித்தாலும் இந்த டிகிரிக்கு வேலை உண்டு, அதை மறந்துவிட்டு ஓடாதீர்கள்.

பால்மரக்காடு:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

ஹவுஸ்மேன் அண்ணா, எஸ்.பி.எம் எடுத்துப் பார்த்தேன். பயாலஜி பி பிளஸ், கெமிஸ்ட்ரி பி, ஃபிசிக்ஸ் பி, கணிதம் ஏ மைனஸ், மலாய் ஏ. தப்பித்தேன். மூயட் ஆங்கிலத் தேர்வில் பேண்ட் 4.

கோப்பி அண்ணா, விதிமுறைப் புத்தகம் பார்த்தேன். எங்களுக்குப் புது கிரேட்தான் நிற்கும், ஆனால் சி அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும், ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு முறை. இரண்டுமே அதில் வருகின்றன. டிரெய்னிங் 8 கிரெடிட், பாஸ் ஃபெயில்தான், நீங்கள் சொன்ன மாதிரியே. அப்போது எனக்கு 3.33 வேண்டும், சரிதானே?

காசு விஷயம்தான் மண்டையைக் குடைகிறது. அப்பாவிடம் மூன்று லட்சம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் ஒரு ஏஜெண்டு ஞாபகம் வந்து, வெளிநாட்டில் பாதி விலைக்குப் படிக்கலாமாம், சி.ஜி.பி.ஏ.வும் பார்க்க மாட்டார்களாம் என்றார். போன வாரம் கோயிலில் பார்த்துப் பேசினாராம். யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா?

பழைய_கிராணி:

அம்மா, நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் மாதிரி எனக்குக் கிரெடிட் கணக்குத் தெரியாது, ஆனால் இந்த ஏஜெண்டு கதை நன்றாகத் தெரியும்.

2005இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த அங்கீகாரத்தை மலேசியா எடுத்துவிட்டது என்று செய்தி வந்தபோது எத்தனை இந்தியக் குடும்பங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தன என்று உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் வட்டாரத்திலும் பிள்ளையை அனுப்பியிருந்தார்கள். நாடாளுமன்றம் வரைக்கும் பேசினார்கள், பத்திரிகையில் தினமும் வந்தது. பிள்ளைகள் படித்தது படிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், நன்றாக வந்தவர்களும் உண்டு. ஆனால் தாய் தகப்பன் கூட்டுப்பணத்தையும் சீட்டுப்பணத்தையும் ஏஜெண்டு கையில் கொடுத்துவிட்டு, அங்கீகாரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலை வரக்கூடாது.

சி.ஜி.பி.ஏ பார்க்க மாட்டார்கள் என்று ஏஜெண்டு சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள் அப்பாவை. அந்தப் பல்கலை பார்க்காமல் இருக்கலாம், திரும்பி வந்து பதிவு கேட்கும்போது இங்கே பார்ப்பார்கள். அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பக்கத்து வீட்டு டாக்டர் தம்பி சொல்லித் தந்தது: அந்தப் பல்கலைக்கழகம் 1971 மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறதா? ஏஜெண்டு காட்டுகிற தாளை நம்ப வேண்டாம், மருத்துவ மன்றத்துக்கு நீங்களே எழுதிப் பதில் வாங்குங்கள்.

பணத்துக்கு: அப்பாவின் கே.டபிள்யூ.எஸ்.பி.யில் (ஊழியர் சேமநிதி) பிள்ளை படிப்புக்கென்று எடுக்க வழி இருக்கிறது, 2024 வரை இரண்டாவது கணக்கு என்று சொன்ன செஜாத்ரா கணக்கிலிருந்து. ம.இ.கா கட்சியின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி கல்விக் கடன் கொடுக்கிறது. உங்கள் தாத்தா பாட்டி யாராவது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கினார்களா என்று வீட்டில் கேளுங்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் நம்ம ஊர்க்காரர், அந்தக் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார், பழைய டிரங்குப் பெட்டியில் அந்தப் பங்குப் பத்திரம் கிடக்கும், பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. இருந்தால் சங்கத்துக்குப் போய் விசாரிக்கலாம். இதெல்லாம் சேர்த்தாலும் மூன்று லட்சம் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கே.டபிள்யூ.எஸ்.பி அவருடைய வயோதிகத்துக்கு வைத்த காசு. முழுவதையும் துடைத்து எடுக்க விடாதீர்கள், அவர் கொடுக்கிறேன் என்றுதான் சொல்வார்.

ஹவுஸ்மேன்_காலை5மணி:

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இரண்டு வருடம் படித்து 3.0 தாண்டிய பிறகு உடனே சேர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. லேபில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்துவிட்டு வந்தவர்கள் என் பேட்ச்சில் இருந்தார்கள், வார்டில் அவர்கள்தான் எங்களைவிட நிதானமாக இருந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் லேபில் என்ன நடந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், நாங்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

3.33 கணக்கு சரி. ஆனால் 3.00 என்று குறி வைக்காதீர்கள், 3.1 என்று வையுங்கள். கடைசி செமஸ்டரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், ஒரு பாடம் கவிழும்.

பால்மரக்காடு:

அப்பாவிடம் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஏஜெண்டு நம்பரை அழித்துவிட்டார். பங்குப் பத்திரம் பற்றிப் பாட்டியிடம் கேட்க வேண்டும், அவர் சித்தி வீட்டில் இருக்கிறார்.

அடுத்த செமஸ்டர் 15 கிரெடிட் இருக்கிறது, அதனால் கெமிஸ்ட்ரியை அதோடு சேர்க்காமல் குறுகிய செமஸ்டரில் எடுக்கலாம் என்று பார்க்கிறேன், திறக்கிறார்களாம். திரும்ப எடுப்பதற்குத் தனியாக ஃபாரம் இருக்கிறதா, இல்லை சாதாரணமாகப் பதிவு செய்தால் போதுமா?

கோப்பிஓ_கோசோங்:

பெரும்பாலான இடங்களில் தனி ஃபாரம் இருக்கும், ஆலோசகர் கையெழுத்து, டீன் அலுவலக முத்திரை எல்லாம் கேட்பார்கள். சாதாரணமாகப் பதிவு செய்தால் கணினி அதைப் புதுப் பாடமாக எடுத்துக்கொண்டு இரண்டு கிரேடையும் நிறுத்திவைக்கலாம், அதைச் சரிசெய்ய நான்கு கவுண்டர் அலைய வேண்டும். பதிவு தொடங்கிய முதல் வாரமே போங்கள். கையெழுத்தான ஃபாரத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிவு வரும்போது பழைய டி பிளஸ் அப்படியே நின்றால் அந்த நகலைக் காட்டித்தான் கேட்க முடியும்.